திருப்பி அனுப்ப வேண்டியது எங்களை அல்ல

அகதியாக வந்தவர் எவருக்கும் ‘திருப்பி அனுப்புதல்’ என்ற சொல்லை விளக்கத் தேவையில்லை. விடியற்காலையில் குவெஸ்துரா வாசலில் வரிசையில் நிற்பவருக்கும், வழக்கறிஞரிடமிருந்து வந்த கடிதத்தைப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைக் கொண்டு வாசிப்பித்துக் கேட்கிற தாய்க்கும் அந்தச் சொல்லின் பாரம் தெரியும். அதே சொல் நாம் எதிர்பாராத இன்னோர் இடத்திலும் எழுதப்பட்டிருக்கிறது. 1992 இல் ரியோ டி ஜெனீரோ மாநாட்டில் கையெழுத்துக்கு வைக்கப்பட்ட உயிர்ப்பல்வகைமைச் சமவாயத்தின் 17ஆம் உறுப்புரை, இது தொடர்பான தகவல்களை நாடுகள் ஒன்றோடொன்று பரிமாறிக்கொள்ள வேண்டும், அதில் அபிவிருத்தியடைந்துவரும் நாடுகளின் விசேட தேவைகள் கவனிக்கப்பட வேண்டும் என்கிறது. அத்துடன், இயலுமானவிடத்துத் தகவல்களைத் திருப்பி அனுப்புவதும் இந்தப் பரிமாற்றத்தில் அடங்கும் என்கிறது. அகதிக்கும் தகவலுக்கும் ஆங்கில மூலத்தில் ஒரே சொல்தான்: ரெப்பற்றியேஷன். இலங்கையும் இத்தாலியும் 1994 இல் இந்தச் சமவாயத்தை ஏற்று உறுதிப்படுத்தின.

அதற்குப் பிறகு முப்பது வருடங்கள் கடந்துவிட்டன. மனிதரைத் திருப்பி அனுப்புவதற்கு விமானங்களும் ஒப்பந்தங்களும் தடுப்பு நிலையங்களும் உண்டு. தகவலைத் திருப்பி அனுப்புவதற்கு என்ன உண்டு என்று கேட்டால், இணையவழிக் கருத்தரங்கு உண்டு என்கிறார்கள். வெப்பமண்டலக் காடுகளையும் கடல்களையும் பற்றிய ஆய்வுகள் இப்போது உலகம் முழுவதோடும் பகிர்ந்துகொள்ளப்படுகின்றன என்கிறார்கள். ‘உயிர்ப்பல்வகைமையும் பண்பாட்டுப் பல்வகைமையும்’ என்று இரண்டையும் சோடி சேர்த்துத் தலைப்புப் போடுகிறார்கள். இந்தப் பகிர்வு யாரோடு நடக்கிறது, எந்த மொழியில் நடக்கிறது, அதில் எங்களுக்கு என்ன பங்கு என்பதே இங்கு என் கேள்வி.

முதலில் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 2020 இல் கொரோனா வந்து பல்கலைக்கழகங்கள் பூட்டப்பட்டு இந்தக் கருத்தரங்குகள் பெருகியபோது உண்மையிலேயே ஒரு கதவு திறந்தது. அதற்கு முன்னர் ஒரு மாநாட்டுக்குப் போவதென்றால் விசா வேண்டும், விமானச்சீட்டு வேண்டும், பதிவுக் கட்டணம் வேண்டும். தாவரவியலை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு வந்து இங்கே உணவகமொன்றில் கணவாய் துப்புரவாக்கிக்கொண்டிருக்கிற என்னைப் போன்ற ஒருவனுக்கு, புத்தகத்தில் பெயராக மட்டும் தெரிந்த ஆய்வாளர்களின் குரலைக் கேட்பது சின்ன விடயம் அல்ல. அதனால்தான் நான் தொடர்ந்து கேட்டேன். கேட்டதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்தக் கருத்தரங்குகள் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே அமைப்புத்தான். ஒரு வரைபடம் வரும். பிறகு செய்மதிப் படம். பிறகு ஒரு வரைபு. இடையில், இலையொன்றைக் கையில் பிடித்தபடி நிற்கிற வயோதிபப் பெண்ணின் படம் வரும். அவருக்குப் பெயர் இருக்காது. அதன்பின் ஓர் அட்டவணை: இலத்தீன் பெயர், குடும்பம், ஆங்கிலப் பெயர், ‘உள்ளூர்ப் பெயர்’, பயன்பாடு. அந்த உள்ளூர்ப் பெயர் என்ற ஒடுங்கிய நிரலுக்குள்தான் எங்களுடைய மொழி இருக்கிறது. அதுவும் ஆங்கில எழுத்தில் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் எழுதும்போது பாலை என்பதும் பாளை என்பதும் ஒன்றாகிவிடும். முன்னையது வன்னிக் காட்டின் வைரமான மரம். பின்னையது பனையில் கள் இறக்குவதற்காகச் சீவுகிற பூம்பாளை. புளியும் புலியும்கூட ஒன்றாகிவிடும். அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதை எங்களுடைய ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பெயரைச் சரியாக எழுத முடியாத ஓர் அட்டவணையை விஞ்ஞானம் என்று எப்படி ஏற்பது? இலத்தீன் பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தால் கட்டுரையைத் திருத்தச் சொல்லி அனுப்புகிறவர்கள், தமிழ்ப் பெயர் முழுவதும் பிழைத்தாலும் கண்டுகொள்வதில்லை.

ஒரு திங்கட்கிழமை, எங்களுடைய உணவகத்துக்கு விடுமுறை நாள், இலங்கையின் உலர்வலயக் காடுகளைப் பற்றிய ஒரு கருத்தரங்கைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பாலை மரத்தைப் பற்றிய பேச்சு வந்தது. கேள்விகள் எழுதுகிற பெட்டியில் யாரோ ஒருவர் தமிழில் எழுதினார். பாலை ஒவ்வொரு வருடமும் ஒரே மாதிரிக் காய்ப்பதில்லை, காய்க்காத வருடங்களில் கரடி எந்தப் பக்கம் இறங்கும் என்பது தங்களுக்குத் தெரியும் என்று தொடங்கியிருந்தார். எழுத்தைப் பார்த்தால் காட்டோடு வாழ்ந்த ஆள் என்று விளங்கியது. எல்லோரும் புரிந்துகொள்வதற்காகத் தயவுசெய்து ஆங்கிலத்தில் எழுதுங்கள் என்று நடத்துனர் மிகவும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். அதன்பிறகு அந்த மனிதர் எதுவும் எழுதவில்லை. பத்து நிமிடம் கழித்துப் பேச்சாளர், இந்த மரங்களின் காய்ப்பைப் பற்றிய நீண்டகாலத் தரவுகள் எங்களிடம் இல்லை என்று கவலைப்பட்டார்.

யாரும் அங்கே கெட்ட எண்ணத்தோடு நடந்துகொள்ளவில்லை. அதுதான் இதில் மிகவும் மோசமான பகுதி.

*

இது இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. 1670களில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் வைத்தியராக இலங்கையில் இருந்த பவுல் ஹேர்மன் செடிகளைப் பறித்து உலர்த்தி ஒட்டிக்கொண்டு போனார். இலங்கையைக் கண்ணாலும் காணாத லின்னேயஸ் அந்த ஏடுகளை வைத்துக்கொண்டு 1747 இல் ‘புளோரா செய்லானிக்கா’ என்ற நூலை வெளியிட்டார். அந்த உலர்ந்த செடிகள் இன்று இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தரங்கம்பாடிக்கு 1768 இல் வந்து சேர்ந்த லின்னேயஸின் மாணவர் கொயெனிக்கின் பெயரை எந்தச் செடிக்கு வைத்தார்கள் தெரியுமா? எங்களுடைய கறிவேப்பிலைக்கு. 1771 இலிருந்து அது ‘பேர்கேரா கொயெனிகீ’. வாசத்துக்குப் போட்டுக் கொதிக்கவிட்டு, சாப்பிடும்போது கோப்பையின் ஓரத்தில் ஒதுக்கிவிடுகிற ஆளைக் கறிவேப்பிலை என்கிறோம் நாம். தகவல் சொன்னவர்கள் எல்லோரும் அப்படித்தான் ஒதுக்கப்பட்டார்கள்.

ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. 1678 இலிருந்து 1693 வரை ஆம்ஸ்ரடாமில் பன்னிரண்டு தொகுதிகளாக அச்சான ‘ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்’. கொச்சியை ஆண்ட ஒல்லாந்த அதிகாரி வான் ரேடே தொகுத்தது. அதற்குத் தகவல் தந்தவர்களில் முக்கியமானவர் இட்டி அச்சுதன் என்ற வைத்தியர். ஈழவ சமூகத்தவர், அந்தக் காலத்தின் சாதிக் கணக்கில் தீண்டத்தகாதவர். அவருடைய பெயர் அந்த நூலில் இருக்கிறது. அவர் கொடுத்த சாட்சியம் அவருடைய எழுத்திலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. செடிகளின் படங்களில் மலையாளப் பெயர்கள் மலையாள எழுத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கின்றன. நான் ஒல்லாந்தனுக்கு வக்காலத்து வாங்கவில்லை. அவனுக்கு வேண்டியிருந்தது மிளகும் மருந்தும் இலாபமும். ஆனாலும் முந்நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னர் செப்புத் தகட்டில் ஒவ்வோர் எழுத்தாக வெட்டி ஒரு காலனித்துவ அதிகாரி செய்துவைத்ததை, விசைப்பலகையில் தமிழ் எழுத்து உள்ள காலத்துப் பல்கலைக்கழகங்கள் செய்வதில்லை.

அந்த நூலும் முழுமையாகத் திரும்பி வந்தது எப்போது? கே. எஸ். மணிலால் என்ற தாவரவியல் பேராசிரியர் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவழித்து இலத்தீனிலிருந்து பெயர்த்த பிறகு, 2003 இல் ஆங்கிலத்திலும் 2008 இல் மலையாளத்திலும் கேரளப் பல்கலைக்கழகம் அதை வெளியிட்டது. தன் ஊரின் மொழிக்கு வந்துசேர அந்த அறிவுக்கு 330 வருடங்கள் எடுத்தன.

*

நான் இருக்கிற நகரமும் இந்தக் கதைக்கு வெளியே இல்லை. பலெர்மோவின் தாவரவியல் பூங்கா 1795 இல் திறக்கப்பட்டது. 1845 இல் கொண்டுவந்து நட்ட அவுஸ்திரேலிய அத்தி மரம் விழுதுகள் விட்டு இன்று ஒரு மண்டபம் போல நிற்கிறது. பார்க்கிற தமிழருக்கெல்லாம் அது ஆலமரம்தான். 1911 இல் இத்தாலி லிபியாவைப் பிடிக்கப் போனது. 1913 இல் இந்தப் பூங்காவோடு சேர்த்து ஒரு ‘காலனித்துவத் தோட்டம்’ அமைக்கப்பட்டது. வெப்ப நாடுகளின் பயிர்களை வளர்த்துப் பார்த்து, குடியேற்ற நாடுகளில் எதைப் பயிரிட்டால் இலாபம் என்று ஆராய்வதற்காக. அறிவு எந்தத் திசையில் பயணம் செய்தது என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

2018 இல் பலெர்மோ இத்தாலியின் பண்பாட்டுத் தலைநகரமாக இருந்தபோது, ‘மனிஃபெஸ்தா 12’ என்ற ஐரோப்பியக் கலைவிழா இங்கே நடந்தது. அதன் தலைப்பு ‘கோளத் தோட்டம்: சேர்ந்து வாழ்தலைப் பயிரிடல்’. பிரெஞ்சுத் தோட்டக்கலைஞர் ஜில் கிளெமோன் உலகம் முழுவதையும் ஒரே தோட்டமாகப் பார்த்த சிந்தனையிலிருந்து எடுக்கப்பட்டது. பிரான்செஸ்கோ லொயாக்கோனோ 1875 இல் வரைந்த பலெர்மோக் காட்சி ஒன்றில் இருக்கிற செடிகளில் ஒன்றுகூட இந்த மண்ணுக்குச் சொந்தமானது இல்லை, எல்லாம் வெளியிலிருந்து வந்தவை என்று காட்டினார்கள். அழகான வாதம். தாவரவியல் பூங்காவும் விழாவின் ஓர் இடமாக இருந்தது. அங்கே லியோனே கொந்தினி என்ற கலைஞர், இத்தாலியில் குடியேறியவர்கள் தங்களோடு கொண்டுவந்த காய்கறி விதைகளை வருடக்கணக்காகச் சேகரித்து வந்து நட்டிருந்தார். ‘வெளிநாட்டு விவசாயிகள்’ என்று அதற்குப் பெயர். பலெர்மோ ஆட்கள் ‘கூக்குட்சா’ என்று கொண்டாடுகிற நீளக் காயும், கொழுந்தைக் கிள்ளி ‘தெனெரூமி’ என்று சூப் வைக்கிற கொடியும் எங்களுடைய சுரைக்காய்க் கொடிதான், ஒரே இனம். இதை அறிவதற்கு ஒரு கலைஞனுக்குத் தோன்றியது, போய்க் கேட்டான். 2022 இல் இத்தாலியின் தேசிய உயிர்ப்பல்வகைமை எதிர்கால மையம் பலெர்மோவைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்டது. நாடு முழுவதிலுமுள்ள பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களும் அதில் சேர்ந்திருக்கின்றன. நான் வேலை செய்கிற சமையலறையிலிருந்து அதெல்லாம் நடந்து போகிற தூரம்தான்.

பண்பாட்டுப் பல்வகைமை என்றால் இந்த நகரத்தில் எங்களை நன்றாகத் தெரியும். மொந்தே பெல்லெகிரீனோ மலையில் சாந்தா ரொசாலியாவின் குகைக்கு வெறுங்காலோடு ஏறுகிற தமிழர்களின் படம் பத்திரிகையில் வரும். விழாவுக்குப் பரதநாட்டியம் கேட்பார்கள். வடையும் ரோல்சும் கேட்பார்கள். உங்களுக்குத் தெரிந்தது என்ன என்று கேட்க மாட்டார்கள். சேலையும் சோறும் பண்பாடு, மரமும் மண்ணும் விஞ்ஞானம் என்று ஒரு கோடு போடப்பட்டிருக்கிறது. நாம் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஆடிக்கொண்டிருக்கலாம், அந்தப் பக்கம் பேசக் கூடாது.

*

இதற்குச் சொல்லப்படுகிற பதில்களை எனக்குத் தெரியும்.

கருத்தரங்கு எல்லோருக்கும் திறந்துதானே இருக்கிறது, யார் உங்களைத் தடுத்தது என்பது முதலாவது பதில். எங்கள் ஊர்த் தேநீர்க் கடைகளிலும் ஒரு காலத்தில் எல்லோருக்கும் தேநீர் கொடுத்தார்கள். சிலருக்கு வேறு பாத்திரத்தில் கொடுத்தார்கள். கடை திறந்திருந்தது என்பது அதற்கு நியாயமாகிவிடாது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் நடக்கிற ஆங்கிலக் கருத்தரங்கு யாருக்குத் திறந்திருக்கிறது? பலெர்மோவில் அந்த நேரம் உணவகங்களில் நிற்கிற எங்களுக்கும் இல்லை, கரைவலை இழுக்கிற மன்னார்க் கடற்றொழிலாளிக்கும் இல்லை.

விஞ்ஞானத்துக்கு ஒரு பொதுமொழி வேண்டும், அது ஆங்கிலம் என்பது இரண்டாவது பதில். 2014 இல் வெளியான உயிர்ப்பல்வகைமைப் பாதுகாப்பு ஆவணங்களைப் பதினாறு மொழிகளில் தேடி, கிடைத்த 75,513 இல் 35.6 வீதம் ஆங்கிலமல்லாத மொழிகளில் இருந்ததாகத் தத்சுயா அமானோவும் அவரது குழுவினரும் 2016 இல் காட்டினார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆங்கிலத்துக்கு வெளியே கிடக்கும்போது அது எப்படிப் பொதுமொழியாகும்? அதே அமானோவின் குழு எட்டு நாடுகளைச் சேர்ந்த 908 சுற்றாடல் விஞ்ஞானிகளிடம் கேட்டு 2023 இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களின் கட்டுரைகள் மொழிக் காரணத்துக்காக நிராகரிக்கப்படுவது மற்றவர்களைவிட இரண்டரை மடங்கு. அவர்கள் பட்டம் பெற்ற விஞ்ஞானிகள். பாலைப்பழம் பொறுக்கப் போனவரின் நிலை என்ன?

தமிழில் கலைச்சொற்கள் இல்லை என்பது மூன்றாவது பதில். இதை அதிகமாகச் சொல்கிறவர்கள் எங்களுடைய ஆட்கள்தான். 1847 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயிலிருந்து மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்றியலையும் சத்திரசிகிச்சையையும் தமிழில் அச்சேற்றினார். 1875 இல் ‘கெமிஸ்தம்’ என்று இரசாயன நூலே வெளிவந்தது. இலங்கைப் பாடசாலைகளில் இன்றும் உயர்தரம் வரை உயிரியல் தமிழில்தான். கலமென்சவ்வையும் ஒளித்தொகுப்பையும் தமிழில் எழுதித்தான் எங்களுடைய பிள்ளைகள் பல்கலைக்கழகம் போகிறார்கள். பட்டம் வாங்கி வெளியே வந்தவுடன் தமிழில் சொற்கள் இல்லாமல் போய்விடுகின்றன.

நான்காவது பதில் கொஞ்சம் கவனிக்க வேண்டியது. எல்லாவற்றையும் தமிழில் பகிரங்கமாகப் பேசினால் மருந்துக் கம்பனிகள் திருடிவிடும் என்கிறார்கள். பயம் நியாயமானது. ஆனால் நடந்ததைப் பாருங்கள். காயத்துக்கு மஞ்சள் பூசுவதற்கு 1995 இல் அமெரிக்காவில் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை கொடுத்தார்கள். இந்தியாவின் விஞ்ஞான, கைத்தொழில் ஆய்வுப் பேரவை அதை எதிர்த்தது. எதைக் காட்டி? பழைய நூல்களையும், 1953 இல் இந்திய மருத்துவ சங்க சஞ்சிகையில் வந்த ஒரு கட்டுரையையும் காட்டி. 1997 இல் காப்புரிமை இரத்தாயிற்று. வேம்புக்கு 1994 இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் கொடுத்த உரிமையை 2000 இல் நீக்கி, 2005 இல் மேன்முறையீட்டையும் தள்ளுபடி செய்தார்கள். எழுதிவைத்திருந்ததும் வெளிப்படையாகத் தெரிந்திருந்ததும்தான் காப்பாற்றியது. திருட்டுக்கு வசதியானது மௌனம். 1981 இல் யாழ்ப்பாண நூலகத்தில் சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் எரிந்தபோது நாம் இழந்தவற்றுள் இப்படியான சாட்சிகளும் இருந்தன. மிச்சமிருப்பது ஆட்களின் வாயில் இருக்கிறது. அதையும் ஆங்கிலத்தில் எழுதுங்கள் என்று சொல்லி அடைக்கிறோம்.

*

இதெல்லாம் வெறும் மானப் பிரச்சினையா? அப்படியென்றால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

2015 இல் சுண்டிக்குளம், நெடுந்தீவு, மடு வீதி, ஆதாம் பாலம் ஆகியவை தேசிய பூங்காக்களாக அறிவிக்கப்பட்டன. எல்லாம் யுத்தம் கிழித்துப்போட்ட பிரதேசங்கள். மீளக்குடியேறப் போனவர்கள் தங்களுடைய வயலிலும் மேட்டுக்காணியிலும் வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல்லைக் கண்ட கதை வடக்கில் எந்தக் கிராமத்திலும் கேட்கலாம். மன்னாரின் வங்காலைச் சரணாலயம் 2010 இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக றம்சார் பட்டியலில் சேர்ந்தது. மத்திய ஆசியாவிலிருந்து பறவைகள் வந்திறங்குகிற இடம். அதே மாவட்டத்தில்தான் காற்றாலைகள் எழுந்தன. அதானி நிறுவனத்தின் திட்டத்துக்கு எதிராக 2024 இல் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள், 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. 2025 ஓகஸ்ட்டில் மற்றைய காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் மக்கள் தெருவில் நின்றார்கள். பறவையின் பாதையைப் பற்றியும் கடலின் அடியைப் பற்றியும் ஆய்வு செய்தவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆய்வுகள் அந்த மக்களுடைய கையில் தமிழில் இருந்திருந்தால், அவர்களை அபிவிருத்தியின் எதிரிகள் என்று ஒருவர் சுலபமாகச் சொல்லிவிட்டுப் போக முடியுமா? பூங்கா எல்லையைக் கீறுமுன் அவர்களுடைய அறிவையும் மேசையில் வைத்திருந்தால், வனத்தைக் காப்பவர்களும் அதில் வாழ்பவர்களும் இப்படி எதிரெதிரே நின்றிருப்பார்களா? தெரியாத மொழியில் காப்பாற்றப்படுகிற காடு, மக்களுக்கு இன்னொரு இராணுவ முகாம் போலத்தான் தெரியும்.

ரொட்ரிகோ காமரா-லெரெட், ஜோர்டி பாஸ்கோம்டே என்ற இரு ஆய்வாளர்கள் 2021 இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். வட அமெரிக்கா, வடமேற்கு அமேசன், நியூகினி ஆகிய மூன்று பிரதேசங்களில் 236 மொழிகளில் பதிவான 12,495 மருத்துவப் பயன்களில் 75 வீதத்துக்கு மேற்பட்டவை ஒரேயொரு மொழியில் மட்டும் அறியப்பட்டவை. வடமேற்கு அமேசனில் 91 வீதம். மொழி போனால் மருந்தும் போகும். தமிழ் அப்படிச் சாகிற மொழியா, கோடிக்கணக்கில் பேசுகிறோமே என்று கேட்கலாம். மொழி உயிரோடு இருக்கும்போதே அதன் ஒரு பக்கம் செத்துப்போகலாம். தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்துக் கலங்கல் தண்ணீரைத் தெளிய வைத்த ஆட்கள் வன்னியில் இருந்தார்கள். முகாமில் பவுசர்த் தண்ணீருக்கு வரிசையில் நின்று வளர்ந்த பிள்ளைக்கு அந்தச் சொல்லே தெரியாது. முருங்கன், நாவற்குழி, மருதங்கேணி, புளியங்குளம், இலுப்பைக்கடவை, தேத்தாத்தீவு: எங்களுடைய ஊர்ப் பெயர்களே ஒரு தாவரப் பட்டியல். மணலாறு வெலிஓயாவாக மாறியபோது பெயரை மாற்றுவதன் அரசியல் எங்களுக்கு உடனே விளங்கியது. மரத்தின் பெயர் மறைவதன் அரசியல் ஏன் விளங்கவில்லை?

இது தமிழரின் குறை மட்டும் என்று நான் சொல்லவில்லை. சிங்களக் கிராமத்தவருக்கும் இதே நிரல்தான், இதே ஒடுங்கிய பெட்டிதான். கிழக்குக் கரையில் தமிழ் பேசுகிற வேடர்களுக்கு அந்த நிரலும் இல்லை. காட்டை வெட்டித் தேயிலை நட்ட மலையகத்தில், அந்தச் சரிவுகளின் ஒவ்வொரு செடியையும் கையால் அறிந்த பெண்களிடம் எந்தக் கருத்தரங்கு கேள்வி கேட்டது?

*

இனி எங்களுடைய பக்கம். ஸூமை எங்களுக்குத் தெரியாதா? 2020 இற்குப் பிறகு பழைய மாணவர் சங்கக் கூட்டம் ஸூமில், நூல் வெளியீடு ஸூமில், பட்டிமன்றம் ஸூமில், செத்த வீட்டு அஞ்சலியும் ஸூமில். ஐந்திணை கண்ட இனம், நிலத்துக்கே பூவின் பெயரையும் மரத்தின் பெயரையும் வைத்த இனம் என்று மேடைக்கு மேடை முழங்குகிறோம். அந்த மரத்தைப் பற்றி இன்றைக்கு என்ன ஆய்வு நடக்கிறது என்று ஒரு மாலையாவது கூடியிருக்கிறோமா? நாட்டை விடுவிக்கப் போன தலைமுறை நாங்கள். நாட்டின் பத்து மரங்களைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டச் சொன்னால் எத்தனை பேர் தேறுவார்கள்? மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இருக்கிற எங்களுடைய ஆய்வாளர்கள் தங்கள் அம்மம்மாவின் மருந்தைப் பற்றி ஆங்கிலத்தில் அருமையாகப் பேசுகிறார்கள். அம்மம்மாவுக்கு அது விளங்காது என்பது அவர்களுக்கு உறைக்கவில்லை. வெள்ளைக்காரனைக் குற்றம் சொல்வது சுலபம். அட்டவணையில் தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் அடித்த கை பெரும்பாலும் எங்களுடைய கைதான்.

நான் கேட்பது பெரிய புரட்சி அல்ல. வடக்கு கிழக்கைப் பற்றிய கருத்தரங்கு என்றால் ஆங்கிலத்தில் நடந்த பிறகு ஒரு மணித்தியாலம் தமிழில் நடக்கட்டும். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இருக்கிற விஞ்ஞான மாணவர்களைக் கொண்டு, சம்பளம் கொடுத்து, மொழிபெயர்ப்பிக்கலாம். தமிழ்ப் பெயரைத் தமிழ் எழுத்திலும் சிங்களப் பெயரைச் சிங்கள எழுத்திலும் எழுதுங்கள். எந்த ஊரில் யார் சொன்னது என்பதை, சொன்னவர் சம்மதித்தால், அவருடைய பெயரோடு எழுதுங்கள். கேள்வியை எந்த மொழியிலும் கேட்க விடுங்கள். உடனே பதில் சொல்ல முடியாவிட்டால் பிறகு எழுதிப் பதில் சொல்லுங்கள். ஒலிப்பதிவின் தமிழ்ச் சுருக்கத்தை ஊர்ப் பாடசாலைக்கும் வாசிகசாலைக்கும் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கும் அனுப்புங்கள். எங்களுடைய சங்கங்கள் மாதத்தில் ஒரு மாலையை இதற்கு ஒதுக்கட்டும். பேசுவதற்கு ஒரு ஆய்வாளரும், அவரைத் திருத்துவதற்கு ஊரில் இருக்கிற ஒரு கிழவரும் வேண்டும். ஒரு பட்டிமன்றம் குறைந்தால் தமிழ் அழிந்துவிடாது.

சமவாயத்தின் அந்த வரியில் ‘இயலுமானவிடத்து’ என்று ஒரு சொல் இருக்கிறது. அரசாங்கங்கள் தப்பிப்போவதற்காகப் போட்டுவைக்கிற சொல். 1992 இல் அதற்கு ஒரு நியாயம் இருந்திருக்கலாம். தகவலைத் திருப்பி அனுப்புவதென்றால் பெட்டி பெட்டியாகக் கப்பலில் ஏற்ற வேண்டிய காலம். இன்று ஒரு மொழிபெயர்ப்பாளரையும் ஒரு தமிழ் எழுத்துருவையும் சேர்த்தால் போதும். ஆகவே இயலவில்லை என்று இனிமேல் யாரும் சொல்ல வேண்டாம். விருப்பமில்லை என்று சொல்லுங்கள். அதற்கு எங்களால் பதில் சொல்ல முடியும்.